எங்கே நிறுத்தினாலும் கிரீஸ்மன்

கால்பந்தில் முன்கள ஆட்டக்காரர் ஒருவரின் மதிப்பை அவர் அடித்த கோல்களைக் கொண்டு அளப்பது நம் எல்லோருக்கும் பழகிப்போன வழக்கம். அந்த அளவுகோலுக்குள் அடங்காத ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். 2018ஆம் ஆண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் பிரான்சின் அந்துவான் கிரீஸ்மன் 4 கோல்கள் அடித்தார். இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரராகவும் தேர்வானார். நான்கு ஆண்டுகள் கழித்து, கத்தாரில், ஏழு ஆட்டங்களிலும் களமிறங்கிய அவர் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆனாலும் அவருடைய மிகச் சிறந்த உலகக் கோப்பை எது என்று என்னைக் கேட்டால், சிறிதும் தயங்காமல் கத்தாரைத்தான் சொல்வேன். இந்த இரண்டு கோப்பைகளுக்கும் இடையே அவருடைய திறமை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிரான்ஸ் அணிக்கு வேண்டியிருந்தது மாறியது. அதற்கேற்ப அவர் தன் இடத்தை மாற்றிக்கொண்டார்.

பல இடங்களில் ஆடக்கூடியவர் என்று சொல்லும்போது பொதுவாக இரண்டு வகையினரை ஒன்றாகச் சேர்த்துவிடுகிறோம். முதல் வகையினர், யாருக்காவது காயம் என்றால் அந்த இடத்தை நிரப்பக்கூடியவர்கள். அவர்களைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. 2014 உலகக் கோப்பையில், ஃபோர்டலேசா நகரின் கடும் வெயிலில், மெக்சிகோவுக்கு எதிரான ஆட்டத்தை இடப்புறப் பின்களத்தில் தொடங்கிய நெதர்லாந்தின் டிர்க் கைட், பிறகு வலப்புறத்துக்கு மாறி, கடைசியில் முன்களத்துக்கே போனார். தொடக்க காலத்தில் அவர் ஸ்ட்ரைக்கராக, அதாவது கோல் அடிப்பதையே முதல் வேலையாகக் கொண்ட முன்கள ஆட்டக்காரராக, இருந்தவர் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த ஆட்டத்தின் அருமை புரியும். சுமார் நாற்பது நிமிடங்கள் பின்தங்கியிருந்த நெதர்லாந்து அந்த ஆட்டத்தை 2-1 என்று வென்றது. இரண்டாவது வகையினர் மிகவும் அரிதானவர்கள். அவர்கள் எந்த இடத்தில் நின்றாலும் அணியின் தாக்குதல் அவர்கள் வழியாகவே ஓடும். இடம் மாறும்போது அவர்களுடைய பணி மாறுமே தவிர, அணியில் அவர்களுக்குள்ள முக்கியத்துவம் மாறாது. கிரீஸ்மன் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்.

பயிற்சியாளரின் இடத்தில் இருந்து பார்த்தால் இப்படிப்பட்டவரின் மதிப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். 2018 உலகக் கோப்பையில் ஒவ்வொரு நாடும் 23 பேரைத்தான் கொண்டுவரலாம். வழக்கமான 90 நிமிடங்களில் மூன்று மாற்று ஆட்டக்காரர்களைத்தான் இறக்கலாம். கத்தாரில் அது 26 பேராகவும் ஐந்து மாற்றங்களாகவும் உயர்ந்தது உண்மைதான். ஆனால் ஆட்டத்தின் 50ஆவது நிமிடத்தில் எதிரணி தன் வியூகத்தை மாற்றிவிட்டது என்றால், அதற்குப் பதில் சொல்ல ஒரு மாற்றத்தைச் செலவழிப்பதற்கும், களத்தில் இருப்பவரிடம் கையசைத்துப் பத்து மீட்டர் உள்ளே வரச் சொல்வதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. பின்னதில் எதிரணிக்கு முன்னறிவிப்பு இல்லை. புதிதாக வந்தவர் ஆட்டத்தின் வேகத்துக்குப் பழகும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை.

கிரீஸ்மன் 1991இல் பிரான்சின் மாகோன் நகரில் பிறந்தவர். சிறு வயதில் உடல் சிறுத்திருந்த காரணத்தால் பிரெஞ்சு கிளப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அவரை வேண்டாம் என்றன. ஸ்பெயினின் ரியல் சோசியடாட் அவரை ஏற்றுக்கொண்டபோது அவருக்கு வயது 14. அந்த கிளப்பின் முதல் அணிக்காக 2009இல், இரண்டாம் நிலை லீகில், இடது விங்கில், அதாவது களத்தின் இடது ஓரத்தில், ஆடத் தொடங்கினார். ஐந்து பருவங்கள் அவர் அடிப்படையில் விங்கராகவே இருந்தார். விங்கில் ஆடுபவருக்கு ஒரு பக்கம் கோடு இருக்கிறது. ஆட்டம் முழுவதும் மற்றொரு பக்கத்தில்தான் நடக்கிறது. அங்கே நின்றுகொண்டு, பந்து எங்கிருந்து எப்போது வரும், தன்னைக் காவல் காப்பவர் எந்தக் கணத்தில் தலையைத் திருப்புவார் என்று பார்த்துப் பழகிய கண்தான் பிற்காலத்தில் அவருக்கு எல்லா இடங்களிலும் துணையாக இருந்தது என்பது என் எண்ணம்.

2014இல் அட்லெடிகோ மாட்ரிடுக்குப் போனதும் பயிற்சியாளர் டியேகோ சிமியோனே அவரைக் கோட்டோரத்திலிருந்து எடுத்து உள்ளே வைத்தார். முதல் சில மாதங்கள் எளிதாக இருக்கவில்லை. சிமியோனேயின் அணியில் பந்து இல்லாத நேரத்தில் எப்படி ஓட வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளும் வரை அவர் பல ஆட்டங்களில் பெஞ்சில் அமர்ந்திருந்தார். டிசம்பரில் பில்பாவோ நகரில் அந்த ஊரின் அத்லெடிக் அணிக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்த பிறகு அவருக்கு அணியில் இடம் உறுதியானது. அந்தப் பருவத்தை 22 லீக் கோல்களோடு முடித்தார்.

அட்லெடிகோவில் அவர் ஜோடி சேர்ந்து ஆடிய ஸ்ட்ரைக்கர்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். மாரியோ மான்சூகிச் உயரமானவர், தலையால் ஆடுபவர். ஃபெர்னாண்டோ டோரெஸ் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பின்னால் உள்ள வெளியை நோக்கி ஓடுபவர். கெவின் கமேய்ரோ குட்டையானவர், சுறுசுறுப்பானவர். டியேகோ கோஸ்டா உடலால் மோதி இடம் பிடிப்பவர். பின்னாளில் அல்வாரோ மொராட்டா, அலெக்சாண்டர் சோர்லோத், ஹூலியான் அல்வாரெஸ். இவர்களில் ஒருவருடைய ஆட்டம் மற்றவருடையதைப் போல் இருந்ததில்லை. பக்கத்தில் இருந்தவர் நீளமாக ஓடினால் கிரீஸ்மன் பின்னால் இறங்கிவந்து பந்தைக் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர் முதுகைக் கோலுக்குக் காட்டிப் பந்தைப் பிடித்து நிறுத்துபவராக இருந்தால் இவர் அவரைத் தாண்டி ஓடினார். 2016 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் மியூனிக்கில் பயர்ன் அணிக்கு எதிராக டோரெஸ் கொடுத்த பந்தை வாங்கித் தனியாக ஓடி அவர் அடித்த கோல்தான் அட்லெடிகோவை இறுதிக்குக் கொண்டுசென்றது. ஒரு கிளப் தன் ஸ்ட்ரைக்கரை இத்தனை முறை மாற்றியும் தாக்குதல் குலையாமல் இருந்ததென்றால், அருகில் நின்றவர் ஒவ்வொரு முறையும் தன்னைப் புதிதாக அமைத்துக்கொண்டதே அதற்கு முதற்காரணம்.

பிரான்ஸ் அணியில் இந்த மாற்றம் நடந்ததை நாளும் நேரமும் குறித்துச் சொல்லலாம். 2016 ஜூன் 26, லியோன் நகரம், யூரோ கோப்பையின் இரண்டாம் சுற்று. இரண்டாவது நிமிடத்திலேயே பெனால்டியில் கோல் வாங்கிய பிரான்ஸ், இடைவேளை வரை அயர்லாந்தின் தடுப்பை உடைக்க வழி தெரியாமல் திணறியது. கிரீஸ்மன் வலப்புறத்தில் இருந்தார். பந்து அவரிடம் வந்து சேருவதற்குள் அவரைச் சுற்றி இரண்டு பேர் வந்துவிட்டார்கள். இடைவேளையில் பயிற்சியாளர் டிடியே டெஷாம், நடுக்களத்திலிருந்து கான்டேயை வெளியே எடுத்து, கோமானை விங்கில் இறக்கி, கிரீஸ்மனை ஒலிவியே ஜிரூவுக்குச் சற்றுப் பின்னால் நடுவில் வைத்தார். 58ஆவது நிமிடத்தில் சாஞா அனுப்பிய பந்தைத் தலையால் முட்டி ஒரு கோல். மூன்று நிமிடம் கழித்து ஜிரூ தலையால் இறக்கிக் கொடுத்ததை வாங்கி இன்னொரு கோல். அதற்குச் சில நிமிடங்களில் அவரைத் தடுக்கப்போய் அயர்லாந்தின் டஃபி சிவப்பு அட்டை வாங்கினார். அந்தக் கோப்பையில் பிரான்ஸ் இறுதியில் போர்ச்சுகலிடம் தோற்றது என்றாலும், 6 கோல்களோடு அதிக கோல் அடித்தவரும் தொடரின் சிறந்த வீரரும் கிரீஸ்மனே. டெஷாம் அந்த இடைவேளையில் கண்டுபிடித்த அமைப்பு, பெயர்கள் மாறினாலும் வடிவம் பெரிதாக மாறாமல், இரண்டு ஆண்டுகள் கழித்து உலகக் கோப்பையை வென்றது.

2018இன் முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டெஷாம் ஜிரூவைப் பெஞ்சில் வைத்துவிட்டு டெம்பெலே, கிரீஸ்மன், எம்பாப்பே மூவரையும் முன்களத்தில் இறக்கினார். மூவரும் வேகமானவர்கள், ஆனால் பந்தைப் பிடித்து நிறுத்த ஆளில்லாமல் தாக்குதல் துண்டுதுண்டாகச் சிதறியது. 2-1 என்ற வெற்றி தட்டுத்தடுமாறித்தான் கிடைத்தது. அடுத்த ஆட்டத்தில் ஜிரூ திரும்பினார். இடப்புறத்தில் இயல்பாகவே நடுக்கள ஆட்டக்காரரான மத்வீதி வந்தார். கிரீஸ்மன் நடுவில் நின்றார். அதன் பிறகு அவர் செய்ததைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: எம்பாப்பே ஓட வேண்டிய வெளியைக் காலியாக விட்டுவைத்தார், ஜிரூ தலையால் தட்டிவிடும் பந்துகளைப் பொறுக்கினார், பந்து பறிபோனால் போக்பாவுக்கும் கான்டேவுக்கும் முன்னால் மூன்றாவது நடுக்கள ஆட்டக்காரராக இறங்கினார். ஃப்ரீகிக்குகளும் கார்னர்களும் பெரும்பாலும் அவருடைய காலிலிருந்தே போயின. உருகுவேக்கு எதிராக வரான் தலையால் முட்டிய பந்து, பெல்ஜியத்துக்கு எதிரான அரையிறுதியில் உம்தீதி தலையால் முட்டிய பந்து, இறுதியில் குரோஷியாவின் மான்சூகிச் தன் கோலுக்குள்ளேயே முட்டிவிட்ட பந்து, மூன்றும் கிரீஸ்மன் அடித்து அனுப்பியவை. ஜிரூவோ அந்தத் தொடர் முழுவதிலும் ஒரு கோலும் அடிக்கவில்லை. கோல் அடிக்காத ஒரு ஸ்ட்ரைக்கரை வைத்துக்கொண்டு உலகக் கோப்பையை வெல்ல முடிந்ததற்குக் காரணம், அவருக்குப் பின்னால் நின்றவர் கோலும் அடித்து, கோலுக்கு வழியும் அமைத்து, தடுப்பிலும் பங்கெடுத்ததுதான். 19 வயது எம்பாப்பே எம்பாப்பேவாகவும், ஜிரூ ஜிரூவாகவும் இருப்பதற்கு வேண்டிய இடத்தைக் கிரீஸ்மன் உண்டாக்கித் தந்தார். எனக்கு இதுதான் முதன்மையான செய்தி: பன்முக ஆட்டக்காரர் ஒருவர் அணியில் இருந்தால், தங்கள் தனித்தன்மையைச் சற்றும் மாற்றிக்கொள்ளாத மற்றவர்களை ஒரே அணியில் சேர்த்து ஆடவைக்க முடியும்.

இதை மறுப்பதுபோல் தோன்றும் ஒரு கட்டம் அவர் வாழ்க்கையில் இருக்கிறது; அதைத் தவிர்த்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. 2019இல் 12 கோடி யூரோ கொடுத்து பார்சிலோனா அவரை வாங்கியது. எங்கே நிறுத்தினாலும் ஆடுவார் என்றால் அங்கேயும் ஆடியிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். இரண்டு பருவங்களில் 102 ஆட்டங்கள், 35 கோல்கள். மோசமான கணக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த விலைக்கு எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவர் சிறப்பாக ஆடும் பகுதி, அதாவது ஸ்ட்ரைக்கருக்கும் நடுக்களத்துக்கும் இடையே சற்று வலப்புறம் சாய்ந்த வெளி, லியோனல் மெஸ்ஸிக்கு உரியது. நடுவில் லூயிஸ் சுவாரெஸ் இருந்தார். எஞ்சியது இடது விங். அந்த இடம் அவருக்குத் தெரியாத இடமல்ல; அங்கேதான் அவர் வளர்ந்தார். ஆனால் இந்தப் பணியில் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தன்னைத் தடுப்பவரை ஒற்றைக்கு ஒற்றையாகத் தாண்ட வேண்டியிருந்தது. அது அவருடைய பலமாக என்றுமே இருந்ததில்லை. 2020 ஜூலையில் வில்லாரியாலுக்கு எதிராகப் பயிற்சியாளர் செத்தியேன், மெஸ்ஸியைச் சற்றுப் பின்னால் வைத்து, சுவாரெஸையும் கிரீஸ்மனையும் ஜோடியாக முன்னால் நிறுத்தினார். மெஸ்ஸி குதிகாலால் தட்டிக் கொடுத்த பந்தைக் கோல்கீப்பரின் தலைக்கு மேலாகத் தூக்கி அடித்து அவர் போட்ட கோல், அவரை எப்படிப் பயன்படுத்தியிருக்கலாம் என்பதை ஒரு மாலையில் காட்டிவிட்டது. ஆனால் அந்த அமைப்பு நிலைக்கவில்லை.

பார்சிலோனாவின் அனுபவம் என் வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது என்றே நினைக்கிறேன். கிரீஸ்மனின் பன்முகத்தன்மைக்கு அடிப்படையாக ஒரே ஒரு திறமை இருக்கிறது: மற்றவர்கள் நகரும்போது எந்த இடம் காலியாகிறது என்பதை அவர்களுக்கு முன்பே அறிந்து, ஒன்றிரண்டு தொடுதல்களில் பந்தை அங்கே கொண்டுசேர்ப்பது. அந்தத் திறமையை விங்கிலும், ஸ்ட்ரைக்கருக்குப் பின்னாலும், நடுக்களத்திலும் அவர் எடுத்துச்செல்லலாம். ஆனால் ஏற்கெனவே மெஸ்ஸி அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும் அணியில் அதை விரித்துப்போட இடமில்லை. எத்தனை இடங்களில் ஆடுவார் என்பதைவிட, எந்தத் திறமையை அந்த இடங்களுக்கெல்லாம் சுமந்துசெல்கிறார் என்பதைத்தான் ஒரு கிளப் ஆளை வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டும்.

2021 ஆகஸ்ட் கடைசியில் அவர் கடனாக அட்லெடிகோவுக்குத் திரும்பினார். 2022-23 பருவத்தின் தொடக்கத்தில், அவர் போதுமான ஆட்டங்களில் நீண்ட நேரம் ஆடினால் அவரைக் கட்டாயமாக வாங்க வேண்டும் என்ற ஒப்பந்த விதி நடைமுறைக்கு வந்துவிடாமல் இருக்க, பெரும்பாலும் ஒரு மணி நேர ஆட்டம் முடிந்த பிறகே அவரைக் களமிறக்கினார்கள். அந்த நாள்களில் அவர் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. அக்டோபரில் இரண்டு கிளப்புகளும் புதிய விலைக்கு உடன்பட்ட பிறகு முழு ஆட்டங்கள் ஆடத் தொடங்கி, 15 கோல்களோடும், ஸ்பெயின் லீகிலேயே அதிக அசிஸ்டுகளோடும் (மற்றவர் கோல் அடிக்கக் கொடுத்த பந்துகள்) அந்தப் பருவத்தை முடித்தார். அதன் நடுவில்தான் கத்தார் வந்தது.

போட்டிக்கு முன்பே போக்பாவும் கான்டேயும் காயத்தால் விலகியிருந்தார்கள். தொடங்கும் நேரத்தில் முன்கள ஆட்டக்காரர் பென்சிமாவும் போனார். 2018இல் வென்ற நடுக்களம் முழுவதுமாக இல்லை. டெஷாம் அந்த இடத்தில் வழக்கமான நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரைப் போட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் டெம்பெலே, எம்பாப்பே, ஜிரூ, கிரீஸ்மன் நால்வரில் ஒருவர் வெளியே உட்கார வேண்டியிருந்திருக்கும். அவர் கிரீஸ்மனை 20 மீட்டர் பின்னால் இழுத்து, சுவமேனி, ராபியோ இருவரோடும் நடுக்களத்தில் சேர்த்தார். உயர்மட்டக் கால்பந்தில் 31 வயதில் இதுவரை ஆடாத ஒரு பணி, அதுவும் உலகக் கோப்பையில்.

டிசம்பர் 10ஆம் தேதி இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதி நமக்கு நள்ளிரவு தாண்டித் தொடங்கியது. விழித்திருந்து பார்த்தவர்கள் பலரும் ஹாரி கேன் பெனால்டியை மேலே அடித்ததை நினைவில் வைத்திருப்பார்கள். என் நினைவில் நிற்பது கிரீஸ்மன் ஓடிய ஓட்டம். 17ஆவது நிமிடத்தில் சுவமேனி தொலைவிலிருந்து அடித்த கோலுக்குப் பந்தை விட்டுக்கொடுத்தவர் அவர். 78ஆவது நிமிடத்தில் ஜிரூ தலையால் முட்டிய வெற்றி கோலுக்கு இடப்புறத்திலிருந்து, ஓடிவரும் தலைக்கும் தடுப்பவரின் தலைக்கும் இடையே சரியாக விழும்படி, பந்தை அனுப்பியவரும் அவர். இடைப்பட்ட நேரத்தில் எம்பாப்பே பின்னால் வராத பக்கத்தில் தியோ ஹெர்னாண்டஸுக்குத் துணையாக நின்றதும், பெல்லிங்ஹாமைத் துரத்தியதும் எந்தப் புள்ளிவிவரத்திலும் பெரிதாக எழுதப்படாதவை. அரையிறுதியில் ராபியோ உடல்நலமின்றி இல்லாதபோது மொராக்கோ பெருந்திரளாகத் தாக்கியது. அன்று கிரீஸ்மன் தன் அணியின் பெனால்டி பகுதிக்குள் பந்தை அடித்து விலக்கியதைப் பார்த்த யாரும் அவரைத் தொழிலால் தடுப்பாட்டக்காரர் என்றே நினைத்திருப்பார்கள். அதே ஆட்டத்தின் ஐந்தாவது நிமிடத்தில் வரான் அனுப்பிய பந்தை வாங்கத் தடுப்புக்குப் பின்னால் ஓடி, முதல் கோலுக்கு வழியமைத்தவரும் அவரே.

இறுதி ஆட்டத்தில் இது பலிக்கவில்லை. அர்ஜென்டினா நடுக்களத்தை முழுதாகக் கைப்பற்றியது. 71ஆவது நிமிடத்தில் 2-0 என்று பின்தங்கிய நிலையில் டெஷாம் அவரை வெளியே எடுத்தார். பிரான்ஸின் மீட்சி அவர் இல்லாமல்தான் நடந்தது. கமவிங்காவும் கோமானும் கொண்டுவந்த புத்துணர்ச்சியும் உடல் வலுவும் அந்த நேரத்தில் வேண்டியிருந்தன; ஆறு ஆட்டங்களில் இரண்டு பேரின் வேலையைச் செய்த கால்களில் அவை மிச்சமிருக்கவில்லை. பயிற்சியாளர் செய்தது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். எந்த ஆட்டக்காரருக்கும் எல்லை உண்டு. அந்த எல்லையைக் காட்டி அதற்கு முன் நடந்ததை மறக்கக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

இத்தகைய ஆட்டத்துக்கு ஆட்டக்காரர் கொடுக்கும் விலை ஒன்றும் உண்டு. ஒரே இடத்தில் நின்று ஆடுபவரின் பெயரோடு அந்த இடம் ஒட்டிக்கொள்கிறது. மக்களுக்கு அவரை நினைவில் வைப்பது எளிது. கிரீஸ்மனுக்கு அப்படி ஓர் அடையாளம் வாய்க்கவில்லை. ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலோன் டோர் விருதில் 2016இலும் 2018இலும் மூன்றாம் இடமே கிடைத்தது. 2023இல் பிரான்ஸ் அணியின் தலைமை, மூத்தவரான அவரைத் தாண்டி எம்பாப்பேவிடம் போனது. ஆனால் பயிற்சியாளரின் கணக்கு வேறு. 2017 முதல் 2024 மார்ச் வரை பிரான்ஸ் ஆடிய 84 ஆட்டங்களில் ஒன்றுகூட அவர் இல்லாமல் நடக்கவில்லை. முன்களத்தில் போட்டிக்குப் பஞ்சமே இல்லாத ஒரு நாட்டில், ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பயிற்சியாளர் ஒவ்வொரு முறையும் அதே பெயரை எழுதினார் என்பதைவிட உயர்ந்த சான்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அட்லெடிகோவிலும் 2024 ஜனவரியில் லூயிஸ் அரகோனேஸின் 173 கோல்கள் என்ற சாதனையைக் கடந்தார். வாழ்க்கையில் பாதியை ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் கழித்த ஒருவர் அந்த கிளப்பின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவரானார்.

2024 செப்டம்பர் 30ஆம் தேதி, 137 ஆட்டங்கள் ஆடி 44 கோல்கள் அடித்த நிலையில், அவர் நாட்டு அணியிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு ஜூனில் நேஷன்ஸ் லீக் அரையிறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக டெஷாம், எம்பாப்பே, டெம்பெலே, ஒலிசே, தூவே என்று நான்கு தாக்குதல் ஆட்டக்காரர்களை ஒன்றாக இறக்கினார். நால்வரும் தனித்தனியே கிரீஸ்மனைவிடப் பந்தை நேர்த்தியாக ஓட்டிச் செல்லக்கூடியவர்கள். ஆட்டம் ஒரு கட்டத்தில் 5-1 என்று இருந்தது. கடைசி அரை மணி நேரத்தில் பிரான்ஸ், ஸ்பெயின் ஆட்டக்காரர் தன் கோலுக்குள்ளேயே விட்ட ஒன்று உட்பட, மூன்று கோல்களைத் தன் கணக்கில் சேர்த்து 5-4 வரை நெருங்கித் தோற்றது. கோல் அடிக்கும் வலிமை அந்த அணிக்கு இருந்தது. பந்து பறிபோன கணத்தில், யாரும் சொல்லாமலே திரும்பி நடுக்களத்தை நோக்கி ஓடுவதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளும் ஒரு முன்கள ஆட்டக்காரர்தான் அன்று அதில் இல்லை.